கடல் கடந்து வந்த சட்டங்கள்: மலையகத் தோட்டங்கள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் வழக்கத்தை இங்கிலாந்து 1875இல் கைவிட்டது. வேலையை விட்டு நின்றவர்மீது முதலாளி நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், சிறையில் தள்ள முடியாது என்று அந்நாட்டுப் பாராளுமன்றம் முடிவெடுத்தது. அந்தப் பழைய ஆங்கிலச் சட்டங்களின் அடியொற்றி இலங்கையில் எழுதப்பட்டதுதான் 1865இன் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். சொல் கேளாமை, குடித்துவிட்டு வருதல், முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போதல் எல்லாமே அதில் குற்றம். மூன்று மாதம் வரை சிறை. மூலச் சட்டம் இங்கிலாந்தில் ஒழிந்த பிறகும் அதன் பிரதி இலங்கையின் மலையகத் தோட்டங்களில் உயிரோடிருந்தது. சிறைத்தண்டனை இங்கே நீங்கியது 1921இல். இடைவெளி 46 ஆண்டுகள்.

வெளிநாட்டுச் சட்டத்தைப் பார்த்து உள்நாட்டுச் சட்டத்தைத் திருத்துவது நல்லதா என்ற கேள்வி மலையகத்துக்குப் புதிதல்ல. தோட்டங்கள் தோன்றிய நாளிலிருந்தே அங்குள்ள சட்டங்கள் பெரும்பாலும் கப்பலேறி வந்தவை. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இன்று நடக்கும் விவாதங்களிலும் இதே குரல் கேட்கிறது. இந்தியாவின் தோட்டத் தொழிலாளர் சட்டம்போல் நமக்கும் வேண்டும் என்கிறார் ஒருவர். தென்னாபிரிக்காவில் பண்ணைத் தொழிலாளிக்கு வீட்டு உரிமை இருக்கிறதே என்கிறார் இன்னொருவர். இரண்டும் கவனிக்க வேண்டியவையே. ஆனால் அந்தச் சட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எழுதிய பின் அந்த நாடுகளில் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு அதிகம் பயன்படும். இக்கட்டுரையின் வாதம் அதுவே.

துண்டும் சிறையும்

1865ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு முதல் சான்று கிடைக்கிறது. இங்கிலாந்தில் அதே வகைச் சட்டம் நடப்பில் இருந்த காலத்திலும், ஓர் ஆலையை விட்ட தொழிலாளிக்கு அடுத்த தெருவில் இன்னோர் ஆலை இருந்தது. மலையகத்தில் ஆள் சேர்ப்பு கங்காணி வழியாக நடந்தது. ஊரிலிருந்து வந்த வழிச்செலவு, முன்பணம், அரிசிக் கணக்கு எல்லாம் கடனாகத் தொழிலாளி தலையில் ஏறின. தோட்டம் மாற வேண்டுமானால் தோட்டத்தை நடத்தும் துரையிடம் 'துண்டு' வாங்க வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனும் துண்டும் ஆளைத் தோட்டத்தில் கட்டிப்போட்டன. கட்டை அறுத்துக்கொண்டு போனவரைச் சட்டம் பிடித்துக் கொடுத்தது.

ஆங்கிலச் சட்டத்தை எழுதியவர்களுக்குக் கங்காணியையும் தெரியாது, துண்டையும் தெரியாது. ஒரே வாசகம் இரண்டு இடங்களில் இரண்டு வேலைகளைச் செய்தது. அங்கே ஒழுங்குக்கான தண்டனையாக இருந்தது, இங்கே கடனடிமை முறையின் காவற்காரனாக ஆனது. 1921இல் துண்டும் சிறைத்தண்டனையும் சேர்ந்தே நீக்கப்பட்டது தற்செயலல்ல. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்திருந்தால் பாதிப் பயன்கூட இருந்திருக்காது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒரு சட்டத்தை எடுக்கும்போது அது அங்கே எந்தச் சூழலில் வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். எடுத்த பிறகு, மூல நாடு அதை என்ன செய்தது என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். இரண்டாவதை நாம் மறந்துவிடுவதே வழக்கம்.

இரண்டு பேராசிரியர்கள், ஒரே ஆண்டு

இந்தக் கேள்வியைச் சட்ட அறிஞர்கள் கோட்பாடாகவே விவாதித்திருக்கிறார்கள். 1974இல் ஸ்கொட்லாந்துக்காரரான அலன் வாட்சன், சட்டம் நாடு விட்டு நாடு போவது மிகச் சாதாரணமான நிகழ்ச்சி என்று வாதிட்டு நூல் எழுதினார். அவருக்குச் சார்பான சான்றை இலங்கையே தரும். ஒல்லாந்தர் கொண்டுவந்த றோமன்-டச்சுச் சட்டம், நெப்போலியன் காலத்துக்குப் பின் ஒல்லாந்திலேயே வழக்கொழிந்துவிட்டது. இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் அது இன்னும் பொதுச்சட்டமாக நிற்கிறது.

அதே 1974இல் ஒட்டோ கான்-ஃபிராயிண்ட் எதிர்த்திசையில் எச்சரித்தார். அவர் வெறும் ஏட்டறிஞர் அல்லர். பெர்லினில் தொழில் நீதிமன்ற நீதிபதியாக இருந்து, 1933இல் நாஜிகளால் பதவி நீக்கப்பட்டு, இங்கிலாந்தில் குடியேறித் தொழிற்சட்டத் துறையை வளர்த்தவர். ஒரு சட்டம் வேறு மண்ணில் பிடிக்குமா என்பதை இன்று முடிவு செய்வது காலநிலையோ மதமோ அல்ல, அந்நாட்டில் அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதே என்றார் அவர். குடும்பச் சட்டம் ஓரளவு சுலபமாகப் பெயரும். தொழிற்சங்கம், கூட்டுப் பேரம் பற்றிய சட்டம் பெயர்வது மிகக் கடினம். அவர் கண்ணெதிரே நடந்ததே உதாரணம்: அமெரிக்கக் கருத்துகள் சிலவற்றை எடுத்து 1971இல் பிரிட்டன் ஒரு தொழிலுறவுச் சட்டம் இயற்றியது. தொழிற்சங்கங்கள் அதன்கீழ்ப் பதிவு செய்ய மறுத்தன. மூன்றே ஆண்டில் அது நீக்கப்பட்டது.

தோட்டத்தைவிட அதிகாரப் பங்கீடு கூர்மையாகத் தெரியும் இடம் ஏது? துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி என்ற படிவரிசை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்திலேயே கண்ணுக்குத் தெரியும். அதனால் கான்-ஃபிராயிண்டின் அளவுகோலை மலையகத்தில் வைத்துப் பார்ப்பது பொருத்தமானது.

கரையின் மறுபக்கத்திலிருந்து வந்த அழுத்தம்

வெளிநாட்டுச் சட்டம் பிரதியாக மட்டும் வருவதில்லை. சில வேளை அழுத்தமாகவும் வரும். 1922இல் இந்தியாவில் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டம் அப்படி வந்தது. தொழிற்பயிற்சி இல்லாத கூலித் தொழிலாளர்கள், இந்திய அரசு அறிவித்த நாடுகளுக்கு, அது வைக்கும் நிபந்தனைகளின்படியே போகலாம் என்றது அந்தச் சட்டம். இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் வந்து உட்கார்ந்தார். ஆள் வரத்து நின்றால் தோட்டம் நின்றுவிடும் என்பது தோட்டத்துரைமாருக்குத் தெரியும்.

அதன் விளைவுதான் 1927இன் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம். 1929 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த விகிதத்தின்படி, உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள். அந்த வித்தியாசம் தோட்டங்களில் 1984 வரை நீடித்தது. அதே காலத்தில் கோ. நடேசய்யர் பத்திரிகையிலும் சட்டசபையிலும் தொழிலாளர் வழக்கைப் பேசி, 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். டெல்லியின் அழுத்தம் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது தோட்டத்தில் நடைமுறையாக வேண்டுமானால் உள்ளூரில் ஓர் அமைப்பு வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆனால் அந்த அழுத்தத்தின் அடிப்படை, தோட்டத் தொழிலாளி இந்தியாவின் ஆள் என்ற கணக்கு. அந்தக் கணக்கே பிறகு எதிராகத் திரும்பியது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. வெளிநாட்டின் பாதுகாப்பில் பெற்ற உரிமைக்கு ஒரு விலை உண்டு. நாட்டின் சொந்தச் சட்டமாக வேரூன்றாத உரிமை காற்று மாறினால் சாய்ந்துவிடும்.

மெல்பர்னிலிருந்து ஹட்டனுக்கு

சம்பள நிர்ணய சபை இன்று மலையகத்தில் எல்லோர் வாயிலும் அடிபடும் பெயர். அதன் ஊர் எது என்று கேட்டால் பலருக்கு வியப்பாக இருக்கும். 1896இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா குடியேற்றம் ஆடை, காலணி, தளபாடம், ரொட்டி போன்ற தொழில்களுக்குச் சம்பளச் சபைகளை ஏற்படுத்தியது. வீட்டு மூலையில் தையல் மெசினுக்கு முன் உட்கார்ந்து அற்பக் கூலிக்கு உழைத்தவர்களுக்குச் சங்கம் கிடையாது. பேரம் பேச ஆளில்லாத இடத்தில் அரசு ஒரு மேசையைப் போட்டு இருதரப்பையும் உட்கார வைத்தது.

பிரிட்டன் இதை எடுத்துக்கொண்ட விதம், சட்டம் கடன் வாங்குவோர் எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்று. 1907இல் எர்னஸ்ட் ஏவ்ஸ் என்பவரை உள்துறை அமைச்சு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பியது. சபைகள் எப்படி இயங்குகின்றன என்று நேரில் பார்த்து அவர் அறிக்கை கொடுத்தார். அதன் பிறகே 1909இல் தொழிற்சபைச் சட்டம் வந்தது. அதுவும் தையல், காகிதப் பெட்டி, சரிகை, சங்கிலி ஆகிய நான்கு தொழில்களுக்கு மட்டும்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்த சட்டமும் தானாக நடக்கவில்லை. 1910இல் கிரேட்லி ஹீத்தில் சங்கிலி அடிக்கும் பெண்களுக்குச் சபை மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று நிர்ணயித்தது. சட்டத்தில் இருந்த ஒரு விலக்கைப் பிடித்துக்கொண்ட முதலாளிகள், பழைய கூலிக்கே சம்மதம் என்று பெண்களிடம் கையொப்பம் வாங்கினார்கள். பலருக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியாது. மேரி மக்கார்தர் தலைமையில் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் நிர்ணயித்த கூலி கைக்கு வந்தது.

இலங்கையின் 1941ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இந்த வழியில் வந்தது. முதலாளிமார் பிரதிநிதிகள், தொழிலாளர் பிரதிநிதிகள், அரசு நியமிக்கும் உறுப்பினர்கள் என்ற மூன்று தரப்பு அமைப்பும் அதே அச்சு. தேயிலைத் தொழிலுக்கும் ஒரு சபை. ஆனால் 1992இல் தோட்ட நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போன பிறகு, சம்பளம் சபைக்கு வெளியே பேசப்பட்டது. முதலாளிமார் சம்மேளனமும் மூன்று தொழிற்சங்கத் தரப்புகளும் கூட்டு ஒப்பந்தத்தில் அதை முடிவு செய்தன. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, பேரம் முறிந்து, 2021இல் விவகாரம் சம்பள நிர்ணய சபைக்குத் திரும்பியது. கம்பனிகள் எதிர்த்து வாக்களித்தும் 900 ரூபாவும் 100 ரூபா கொடுப்பனவும் வர்த்தமானியில் ஏறின. 2024இல் அது 1,350 ரூபா ஆனது.

தொகை உயர்ந்தது உண்மை. அதேசமயம் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோ அளவை ஏற்றிவிட்டார்கள், அளவு எட்டாதவருக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போடுகிறார்கள் என்ற முறைப்பாடுகள் பல தோட்டங்களிலிருந்து வந்தன. இதில் வியப்பில்லை. விக்டோரியாவின் சபை சங்கமற்ற தையற்காரிக்காகப் பிறந்தது. மணிக்கூலியை அல்லது துண்டுக்கூலியை நிர்ணயிப்பதே அதன் வேலை. தோட்டத்திலோ ஒரு நாள் 'பேர்' விழுவது நிறுவைத் தராசைப் பொறுத்தது. கூலியை நிர்ணயிக்கும் சபை கிலோவை நிர்ணயிக்காவிட்டால், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் எடுக்க வழி இருக்கிறது. 1910இல் சங்கிலிப் பெண்களுக்கு நடந்ததும் இதே வகைதான். அந்த அனுபவத்தை 1941இலேயே படித்திருந்தால் நமது சட்டத்தில் ஒரு பிரிவு கூடியிருக்கும்.

வேலை போனால் வீடும் போகுமா?

இனி இன்றைய முதன்மைக் கேள்விக்கு வருவோம். மலையகத்தில் சட்டத் திருத்தம் என்றால் சம்பளத்துக்கு அடுத்தபடியாக லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒடுங்கிய விறாந்தை, தலைக்குமேல் தகரம். மகனுக்குக் கல்யாணம் ஆனால் விறாந்தையைப் பலகையும் தகரமும் வைத்து அடைத்து இன்னோர் அறை ஆக்க வேண்டும். சமையல் புகை போகப் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்க வேண்டும். இரண்டுக்கும் தோட்டக் காரியாலயத்தின் அனுமதி வேண்டும். மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதற்கும் துரை முகம் பார்க்கும் நிலை அது.

சட்டம் இதுவரை என்ன செய்தது? வேலை போன காரணத்துக்காக நீதிமன்றக் கட்டளை இல்லாமல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 1971இன் 2ஆம் இலக்கச் சட்டம் ஒரு பாதுகாப்பைத் தந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாகிக் காணி அரசுடையதானது. அரச காணிகளுக்கு 1979இன் 7ஆம் இலக்க உடைமை மீளப்பெறல் சட்டம் உண்டு. அதன்கீழ் வரும் வழக்கில், அரசின் செல்லுபடியான எழுத்து அனுமதி இருக்கிறதா என்பதற்கு மேல் நீதவான் ஆராய இடமில்லை. எத்தனை தலைமுறை, எவ்வளவு வயது, போக்கிடம் உண்டா என்ற கேள்விகள் அங்கே எழாது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு, பிரதேச சபை தோட்டத்துக்குள் பணி செய்வதற்கு இருந்த தடை நீங்கியது. அதே ஆண்டு பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் சட்டமானது. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கொள்கையாக ஏற்கப்பட்டுள்ளன. ஆயினும் லயத்தில் இருப்பவர் எந்த உரிமையில் இருக்கிறார் என்ற கேள்விக்கு ஒரே இடத்தில் தெளிவாகப் பதில் சொல்லும் சட்டம் இல்லை.

மாஞ்சோலையும் டூவார்ஸும் சொல்வது

முதலில் நம் கண் போவது இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்மேல். வீடு, குடிநீர், மருத்துவம், பிள்ளைமடுவம், பள்ளி எல்லாவற்றையும் முதலாளியின் கடமையாக எழுதிய சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்சட்டத் தொகுப்பு அதன் இடத்தைப் பிடித்தாலும், புதியதன் முதுகெலும்பும் பழைய சட்டமேதான். தாளில் பார்த்தால் இலங்கையில் இப்படி ஒரு சட்டம் இல்லையே என்று ஏக்கம் வரும்.

நடந்ததைப் பார்ப்போம். 2000களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் டூவார்ஸ் பகுதியில் முதலாளிகள் பல தோட்டங்களைக் கைவிட்டுப் போனார்கள். சம்பளம் மட்டும் நிற்கவில்லை. ரேஷன், மருத்துவமனை, குடிநீர், மின்சாரம் எல்லாம் ஒரே நாளில் நின்றன, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி அந்த ஒரே முதலாளி. பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. தோட்டம் இயங்கும்போதும் ஒரு தொல்லை உண்டு. வீடும் ரேஷனும் கொடுக்கிறோம், அதையும் கூலியில் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்று சொல்லியே நாட்கூலியைக் குறைத்து வைக்க அசாமில் முதலாளிகள் வாதாடி வந்திருக்கிறார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான சாட்சி திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டில் பம்பாய் பர்மா கம்பனி தேயிலை போட்டது. 1999 ஜூலை 23இல் அத்தோட்டத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் தாமிரபரணிக் கரையில் 17 பேர் மாண்டது தமிழ்நாடு மறக்காத சம்பவம். குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் கம்பனி விருப்ப ஓய்வுத் திட்டத்தை நீட்டி, வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. நான்கு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டான்டீ தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசின் மறுவாழ்வுத் திட்டங்களே அவர்களுக்கு மிச்சம். 73 ஆண்டு வயதான தோட்டத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்கு வீடு கொடுத்தது, தொழிலாளியாக இருக்கும் வரை. வேலை முடிந்த அன்றே அந்தப் பாதுகாப்பும் முடிந்தது.

இலங்கையில் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகை 53 ஆண்டு. 1992இலிருந்து எண்ணினால் 2045இல் முடியும். மாஞ்சோலையை அடுத்தவர் கதையாக மலையகம் படிக்க முடியாது.

இந்தியச் சட்டத்தில் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு பகுதி உண்டு. 1981இல் சேர்த்த 16ஏ பிரிவின்படி, தோட்ட வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தவரோ இறந்தால் அல்லது காயமடைந்தால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை விழுங்கியதை நினைப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அதே பிரிவு, இயற்கை அனர்த்தம் ஒன்றே நேரடிக் காரணமாக இருந்தால் முதலாளிக்கு விலக்களிக்கிறது. அப்படியே பெயர்த்து எழுதினால் மீரியபெத்தைக்கும், 2020இல் மூணாறு பெட்டிமுடியில் 70 பேரைக் கொண்டுபோன சரிவு போன்றவற்றுக்கும் அது பயன்படுமா என்பது சந்தேகம். மீரியபெத்தை அபாய இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகவே நமக்கு வேண்டிய வாசகம் வேறு: எச்சரிக்கை கிடைத்த பிறகும் குடியிருப்பை மாற்றாதவர், இயற்கையைக் காரணம் காட்டித் தப்பக் கூடாது.

ஸ்டெலன்பொஷ் வீட்டுச் சன்னல்

தென்னாபிரிக்கா நம்மோடு றோமன்-டச்சுச் சட்டத்தைப் பகிரும் நாடு. சொத்துரிமை பற்றிய அடிப்படைக் கருத்து இரண்டிடத்திலும் ஒரே ஊற்றிலிருந்து வந்தது. அதனால் அங்கே நடந்த மாற்றம் நமது நீதிமன்றங்களுக்கும் எளிதில் விளங்கும். 1997இல் அந்நாடு குடியிருப்புப் பாதுகாப்பு நீடிப்புச் சட்டத்தை இயற்றியது. பண்ணைக் காணியில் சம்மதத்தோடு குடியிருப்பவரை நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்ற முடியாது. கட்டளை தருமுன் நீதி, நியாயம் பார்த்தாக வேண்டும். பத்து ஆண்டு வாழ்ந்து அறுபது வயதைக் கடந்தவரைப் பாரிய தவறு இல்லாமல் அசைக்க முடியாது.

ஸ்டெலன்பொஷ் பக்கத்துப் பண்ணையில் பல ஆண்டுகளாக வாழ்ந்த ஒரு பெண் தன் சொந்தச் செலவில் வீட்டுத் தரையைச் சமப்படுத்தவும், உள்ளே தண்ணீர்க் குழாய் இழுக்கவும், இரண்டாவது சன்னல் வைக்கவும் விரும்பினார். பண்ணைத் தரப்பு மறுத்தது. 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மனித மாண்புக்கு உகந்த வீடாக்க உடைமையாளரின் சம்மதம் தேவையில்லை, ஆனால் அவரோடு அர்த்தமுள்ள கலந்துரையாடல் வேண்டும் என்றது. லயத்துச் சாய்ப்புக்கு அனுமதி கேட்டு நிற்கும் ஒவ்வொருவருக்கும் இந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தும்.

இனி மறுபக்கம். 2005இல் நுகுசி என்ற உள்ளூர் அமைப்பும் ஓர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு, 1984 முதல் 2004 வரை சுமார் 17 லட்சம் பேர் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டதாகக் கணக்கிட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியேறியது 1994க்குப் பின், புதிய ஜனநாயகத்தின் காலத்தில். நீதிமன்ற வழியாக நடந்த வெளியேற்றம் நூற்றுக்கு ஒன்று மட்டுமே. சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் பண்ணையார்கள் ஆட்களைக் குறைத்தார்கள், வீடுகளை இடித்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களுக்கு வழக்கறிஞரும் இல்லை, தமக்கு உரிமை உண்டென்ற சேதியும் போய்ச் சேரவில்லை.

ஏழு பேர்ச், இரண்டு அளவு

மொரீசியஸின் கரும்புத் தோட்டங்களும் நம்மவர்கள் உழைத்தவைதாம். 2001இல் அங்கே சீனித் தொழிலைச் சுருக்கியபோது, விருப்ப ஓய்வு பெற்ற தொழிலாளருக்குப் பணத்தோடு வீதி, தண்ணீர், மின்சார வசதி செய்த ஏழு பேர்ச் காணியும் கொடுத்தார்கள். நம்மிடமும் ஏழு பேர்ச்தான் என்று ஆறுதல்பட வேண்டாம். மொரீசியஸின் பேர்ச் பிரெஞ்சு அளவு, ஏறத்தாழ 42.2 சதுர மீற்றர். இலங்கையின் பேர்ச் ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர். அங்கே ஏழு பேர்ச் 295 சதுர மீற்றர், இங்கே 177. அளவைவிட முக்கியமானது, அங்கே தொழில் முடியும் இடத்தில் காணி கொடுப்பது தொழிலைச் சுருக்கும் திட்டத்தின் பகுதியாகவே வைக்கப்பட்டது.  மாஞ்சோலையில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு.

என்ன செய்யலாம்?

இத்தனை நாடுகளைச் சுற்றிவந்த பிறகு சில முடிவுகள் தெளிவாகின்றன.

முதலாவது, வீட்டுரிமையை வேலையிலிருந்து பிரிக்க வேண்டும். முதலாளியின் கடமைகளைக் கூட்டிக்கொண்டே போகும் இந்திய வழி, தொழிலாளியை முதலாளியோடு இன்னும் இறுகக் கட்டுகிறது. வேலைத்தலப் பாதுகாப்பு, பிள்ளைமடுவம் ஆகியவை கம்பனியிடம் இருக்கட்டும். வீடும் தண்ணீரும் வீதியும் ஏனைய குடிமக்களுக்குப் போலப் பிரதேச சபையிடமும் அரசிடமும் வர வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. நிதி வராமல் யாரும் உள்ளே நுழைய முடியாது.

இரண்டாவது, தனி வீடு கிடைக்கும் வரை லயத்தில் இருப்பவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு வேண்டும். தன் செலவில் வீட்டைச் செப்பனிடும் உரிமையும், வயதானவரை வெளியேற்றத் தடையும் தென்னாபிரிக்காவிலிருந்து எடுக்கத்தக்கவை. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளை முன்தேதியிட வேண்டும். மசோதா பற்றிய பேச்சு எழுந்த நாளிலிருந்தே வெளியேற்றம் செல்லாது என்றால்தான் அங்கே நடந்தது இங்கே நடக்காது. ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களில் தமிழில் வாதாடும் சட்ட உதவி இல்லாமல் இந்த உரிமைகள் ஏட்டோடு நிற்கும். நூற்றுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

மூன்றாவது, சம்பள நிர்ணய சபைக்குக் கூலியோடு கிலோ அளவையும் தீர்மானிக்கும் அதிகாரம் வேண்டும்.

நான்காவது முறையைப் பற்றியது. 1969இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட ஆணைக்குழு நமக்கு உண்டு. வெளிநாட்டுச் சட்டம் ஒன்றை முன்மாதிரியாகக் காட்டும் எந்த மசோதாவோடும், அந்தச் சட்டம் சொந்த நாட்டில் கண்ட பலனையும் பழுதையும் சொல்லும் அறிக்கை ஒன்று மூன்று மொழிகளிலும் வைக்கப்பட வேண்டும். 1907இல் ஏவ்ஸ் கப்பலேறிப் போய்ச் செய்த வேலையை இன்று உட்கார்ந்த இடத்திலேயே பெரும்பாலும் செய்துவிடலாம். எடுத்த சட்டத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யும் பிரிவும் சட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 1875க்கும் 1921க்கும் இடையே நாம் இழந்த 46 ஆண்டு இன்னொரு முறை கூடாது.

2025 நவம்பரில் அசாம் சட்டமன்றம் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு நிலங்களை அவர்களுக்கே உரித்தாக்க நில உச்சவரம்புச் சட்டத்தைத் திருத்தியது. அதன் பலன் என்னவென்று மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களும் சங்கங்களும் இப்போதே கவனிக்கத் தொடங்க வேண்டும். 2045இல் குத்தகைகள் முடிகின்றன. காணி உரிமைச் சட்டம் அதற்கு முன் நிறைவேறியிருக்க வேண்டும். குத்தகை முடியும் தறுவாய் வரை காத்திருந்து கேட்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதை மாஞ்சோலைத் தொழிலாளர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.